காதிஸ் மாகாணத்தைக் காரில் சுற்ற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தென்கோடியில் இருக்கும் காதிஸ் மாகாணத்துக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். இரண்டு முறை வசந்தத்தில், ஒரு முறை செப்டம்பரில். போகப்போகும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

காதிஸ் எங்கே இருக்கிறது? மலாகாவை விட்டுவிட்டு ஏன் அங்கே போக வேண்டும்?

ஆந்தலூசியாவின் எட்டு மாகாணங்களில் ஒன்று. மேற்கே அட்லாண்டிக், கிழக்கே மத்தியதரைக் கடல், நடுவே ஜிப்ரால்டர் நீரிணை. பரப்பு 7,400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடற்கரையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு ஆயிரம் மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டியிருக்கலாம்.

மலாகா கரையில் அடுக்குமாடி ஓட்டல்கள் கடலை மறைத்து நிற்கும். காதிஸ் பக்கம் அவ்வளவு கட்டாததற்கு ஒரு காரணம் காற்று. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாகாணத்தில் பயணத்திட்டத்தைத் தீர்மானிப்பது காற்றுதான்.

எத்தனை நாள் வேண்டும்?

ஐந்து நாள் என்றால் நிம்மதி. மலைக்கு இரண்டு, கடற்கரைக்கு இரண்டு, காதிஸ் நகரத்துக்கும் ஹெரேஸுக்கும் சேர்த்து ஒன்று. மூன்றே நாள்தான் என்றால் மலை, கடல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் மூன்று நாளில் அடைத்தால் காரின் முன்கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

எந்த விமான நிலையத்தில் இறங்குவது?

மாகாணத்துக்குள்ளேயே ஹெரேஸில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. விமானங்கள் குறைவு. பெரும்பாலானோர் செவில் அல்லது மலாகாவில் இறங்கி அங்கேயே கார் எடுக்கிறார்கள். செவிலிலிருந்து காதிஸுக்குப் போகும் ஏபி-4 விரைவுச்சாலையில் 2020 தொடக்கத்திலிருந்து சுங்கம் கிடையாது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுச் சில்லறை தேட வேண்டாம்.

கார் கட்டாயமா? பஸ், ரயிலில் முடியாதா?

செவில், ஹெரேஸ், காதிஸ் மூன்றையும் ரயில் இணைக்கிறது, அதற்குக் கார் வேண்டாம். தென்முனையில் உள்ள தரீஃபாவுக்கு ரயில் இல்லை, பஸ் உண்டு. மலையூர்களுக்கும் பஸ் போகிறது, ஆனால் ஒரு நாளைக்குச் சில தடவைதான். ஊருக்கு ஊர் நின்று போக வேண்டும் என்றால் கார்தான் வழி.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். ரவுண்டானாவில் நுழைந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. முதல் நாள் முழுக்க மனம் இடப்பக்கமே இழுக்கும். அதனால் இறங்கிய அன்றே மலை ஏறாதீர்கள். வாடகைக் கார்களில் பாதிக்கு மேல் கையால் கியர் போடுகிற வண்டிகள். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முன்பதிவிலேயே கேட்டுவிட வேண்டும்.

வேக வரம்பு: விரைவுச்சாலையில் 120, ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில் 90, ஊருக்குள் திசைக்கு ஒரு தடம் மட்டும் இருக்கும் தெருவில் 30.

வெள்ளை ஊர்கள் வழி என்கிறார்களே, அதில் எந்தெந்த ஊர், எந்த வரிசையில்?

மலையோரத்தில் சுண்ணாம்பு அடித்த வீடுகளோடு கொத்துக் கொத்தாக இருக்கும் ஊர்களைத்தான் புவெப்லோஸ் பிளாங்கோஸ், அதாவது வெள்ளை ஊர்கள் என்கிறார்கள். நான் போன வரிசையைச் சொல்கிறேன்.

ஹெரேஸிலிருந்து கிழக்கே அரை மணியில் ஆர்க்கோஸ் தெ லா ஃப்ரொந்தேரா. குவாதலேத்தே ஆறு வளைந்து போகும் இடத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஊர் நிற்கிறது. மேலே தேவாலயச் சதுக்கத்தை ஒட்டி ஒரு பார்வை மேடை. கீழே எட்டிப் பார்த்தால் பறவைகளின் முதுகு தெரியும். காரைக் கீழே புது ஊரில் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். வழிகாட்டிச் செயலி உங்களை மேலே தெருவுக்குள் இழுத்துக்கொண்டு போகும், நம்பாதீர்கள். நான் நம்பினேன். இரண்டு சுவருக்கும் நடுவே, கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, பின்னால் நான்கு வண்டிகள் காத்திருக்க, ஒரு பாட்டி வாசலில் நின்று கையைக் காட்டிக் காட்டி என்னை வெளியே எடுத்துவிட்டார். வலப்பக்கக் கதவில் விழுந்த கீறலுக்கு வாடகை நிறுவனம் தவறாமல் பணம் வாங்கியது.

ஆர்க்கோஸிலிருந்து ஏ-372 சாலையில் எல் போஸ்கே. அங்கிருந்துதான் உண்மையான மலைப்பாதை. 1,103 மீட்டர் உயரத்தில் போயார் கணவாய், அதைத் தாண்டி இறங்கினால் கிராசலேமா. சுண்ணாம்புப் பாறை மலையின் மடியில் உட்கார்ந்த ஊர். ஒரு காலத்தில் கம்பளிப் போர்வை நெய்து வாழ்ந்தது, இன்றும் நெய்கிறார்கள். பாயோயா என்ற உள்ளூர் ஆட்டின் பாலில் செய்யும் பாலாடைக்கட்டி இங்கே வாங்க வேண்டிய பொருள். இரவு தங்க இந்த ஊரைத்தான் சொல்வேன். பகல்நேரக் கூட்டம் கிளம்பிய பிறகு சதுக்கத்தில் ஊர்க்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

மறுநாள் காலை சி.ஏ-9104 சாலையில் வடக்கே சாரா தெ லா சியேரா. இந்தச் சாலை பாலோமாஸ் கணவாய் வழியாகப் போகிறது. பாலோமாஸ் என்றால் புறாக்கள். ஆனால் மேலே நான் பார்த்தது புறா அல்ல, பிணந்தின்னிக் கழுகுகள். கிரிஃபான் வகை, சிறகு விரிந்தால் இரண்டரை மீட்டர். காற்று மேலே எழும்பும் நேரம் பார்த்து, நம் கண் மட்டத்திலேயே வட்டமிடும். கணவாயிலிருந்து இறங்க இறங்கக் கீழே நீலப்பச்சை நிறத்தில் ஓர் ஏரி தெரியும். அது அணைக்கட்டு நீர்த்தேக்கம். அதன் மேல் கூம்புப் பாறை, பாறையின் உச்சியில் கோபுரம், கோபுரத்தின் காலடியில் சாரா.

பிறகு ஓல்வேரா. தூரத்திலிருந்தே கோட்டையும் தேவாலயமும் அருகருகே தெரியும். ஓல்வேராவிலிருந்து செத்தெனில் தெ லாஸ் போதேகாஸ் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். செத்தெனிலில் குகை வீடு என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அவை குடைந்த குகைகள் அல்ல. ஆறு அரித்த பாறை முன்னால் துருத்தி நிற்க, அதையே கூரையாக வைத்து முன்னே சுவர் எழுப்பிவிட்டார்கள். ஒரு தெருவுக்கு வெயில் குகைகள் என்றும் எதிரே உள்ள தெருவுக்கு நிழல் குகைகள் என்றும் பெயர். நிழல் தெருவில் பாறை தெருவையே மூடி நிற்கும். அழகான ஊர்தான், ஆனால் ஞாயிறு மதியம் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது.

இங்கிருந்து ரொந்தா அரை மணிகூட இல்லை. அது மலாகா மாகாணம் என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை.

அந்த மலைச்சாலை பயமாக இருக்குமா?

கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சாலை நல்ல தார்ச்சாலை, பெரும்பாலும் தடுப்புக் கம்பியும் உண்டு. பாலோமாஸ் சாலை குறுகல், எதிரே வேன் வந்தால் இருவரும் மெதுவாக ஒதுங்க வேண்டும். உங்களைப் பயமுறுத்தப்போவது கூட்டமாக வரும் மோட்டார் சைக்கிள்காரர்களும், மூச்சு வாங்க ஏறும் மிதிவண்டிக்காரர்களும்தான். மிதிவண்டியைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுவது சட்டம். பெருமழைக்குப் பிறகு கல் சரிந்து சாலையை மூடுவதும் உண்டு. டி.ஜி.டி. எனப்படும் போக்குவரத்து இயக்ககத்தின் வரைபடத்தை அன்று காலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏன் இத்தனை ஊர்ப் பெயர்களில் "தெ லா ஃப்ரொந்தேரா" ஒட்டிக்கொண்டிருக்கிறது?

ஃப்ரொந்தேரா என்றால் எல்லை. 13ஆம் நூற்றாண்டில் காஸ்தில் என்ற கிறிஸ்தவ அரசு இந்தப் பகுதியைப் பிடித்த பிறகு, கிரனாடாவை ஆண்ட நஸ்ரி முஸ்லிம் அரசுக்கும் அதற்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மலைகள்தான் எல்லை. ஹெரேஸ், ஆர்க்கோஸ், வேஹெர், ஹிமேனா, காஸ்தெயார் எல்லாம் எல்லையூர்கள். 1481 இறுதியில் கிரனாடா அரசர் சாராவைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தார். அதிலிருந்து தொடங்கிய போர் 1492இல் கிரனாடாவே வீழ்ந்ததில் முடிந்தது. சாராவின் கோபுரத்தில் ஏறி நிற்கும்போது இது நினைவில் இருந்தால் அந்தப் பள்ளத்தாக்கு வேறு மாதிரி தெரியும். பாறை உச்சியில் ஊர் கட்டியது காட்சிக்காக அல்ல, யார் வருகிறார்கள் என்று பார்க்க.

கிராசலேமாவில் மழை கொட்டும் என்கிறார்களே, தெற்கு ஸ்பெயினிலா?

ஆமாம். ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தோடு வரும் மேல்காற்று முதன்முதலாக முட்டும் உயரமான மலை இதுதான், முட்டியதும் கொட்டிவிடுகிறது. இதே ஆந்தலூசியாவின் கிழக்கு மூலையில் காபோ தெ காத்தாவில் 200 மி.மீ. பெய்தாலே பெரிய விஷயம்.

அந்த மழையால்தான் பின்சாப்போ என்ற ஊசியிலை மரம் இங்கே பிழைத்திருக்கிறது. ஸ்பெயினில் தெற்கே ஒரு சில மலைகளில் மட்டும் இயற்கையாக வளர்வது. 1977இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பின்சாப்போ காட்டு நடைபாதைக்கு முன்அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. எல் போஸ்கேயில் உள்ள பார்வையாளர் மையத்தில் கேட்கலாம். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் பாதையை மூடிவிடுவார்கள் அல்லது கட்டுப்படுத்துவார்கள்.

கார் ஓட்டி அலுத்துவிட்டது, நடுவே வேறு ஏதாவது?

ஓல்வேராவில் மிதிவண்டி வாடகைக்கு எடுங்கள். 1920களில் ஹெரேஸிலிருந்து அல்மார்கென் வரை ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். சுரங்கம் குடைந்து, பாலம் கட்டி, நிலையங்களும் எழுப்பிய பிறகு வேலை நின்றுபோனது. அந்தப் பாதையில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. இன்று ஓல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கி.மீ. மிதிவண்டிப் பாதை, 30 சுரங்கங்கள். வழியில் சாஃப்ராமகோன் பாறையில் கழுகுக் குடியிருப்பு. ஓல்வேராவிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் இறக்கம், திரும்பி வருவது உங்கள் தொடையின் பாடு.

காற்று காற்று என்கிறீர்களே, அப்படி என்ன?

இரண்டு காற்று. கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே, மேற்கிலிருந்து வருவது பொனியெந்தே. நம் மொழியில் கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்றும் மேல்காற்றுக்குக் கோடை என்றும் பெயர் இருக்கிறதே, அது போல. குணம் மட்டும் தலைகீழ். நம் கொண்டல் மழை கொண்டுவரும். அவர்களுடைய லெவாந்தே காதிஸ் கரைக்கு வரும்போது காய்ந்து, சூடாகி, நீரிணையின் இடுக்கில் பிழியப்பட்டு வேகமெடுத்து வரும். மழையும் குளிர்ச்சியும் மேல்காற்றின் வேலை.

லெவாந்தே வலுத்தால் கடற்கரையில் உட்கார முடியாது. மணல் முட்டிக்காலில் ஊசி போலக் குத்தும், குடை பறக்கும். மூன்று நாள், சில சமயம் ஒரு வாரமும் ஓயாது. அதனால் என் ஒரே விதி: ஓட்டல் முன்பதிவை ரத்து செய்யக்கூடியதாக வைத்துக்கொண்டு, காற்றைப் பார்த்து வழியை மாற்றுங்கள். லெவாந்தே என்று முன்னறிவிப்பு சொன்னால் மலைக்குப் போங்கள். மேல்காற்று மழையோடு வருகிறது என்றால் மலையை விட்டு ஹெரேஸ் பக்கம் இறங்குங்கள். இரண்டும் லேசாக இருக்கும் நாளைக் கடற்கரைக்கு வையுங்கள். தேதி போட்டு எழுதிய திட்டம் இங்கே எடுபடாது.

கடற்கரை வழியில் எங்கெங்கே நிற்பது?

காதிஸிலிருந்து தரீஃபா சுமார் 105 கி.மீ. வேஹெர் வரை ஏ-48, அதன்பின் என்-340. நிற்காமல் போனால் ஒன்றரை மணி நேரம். நான் ஒருமுறை இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கோனில், மீன்பிடி ஊர். அப்புறம் பிரதான சாலையை விட்டு விலகி திரஃபால்கர் முனை. 1805 அக்டோபர் 21 அன்று நெல்சனின் கப்பல்கள் பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுப்படையைத் தோற்கடித்தது இந்த முனைக்கு எதிரே உள்ள கடலில்தான். இப்போது மணல்திட்டு, ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். சூரியன் மறையும் நேரத்தில் நடந்து போங்கள். அங்கிருந்து பார்பாத்தே வரை பைன் காட்டுக்குள் ஏறி இறங்கும் சாலை, கரைப்பாதையில் எனக்கு மிகப் பிடித்த துண்டு.

பார்பாத்தே என்றால் சூரை மீன். நீலத்துடுப்புச் சூரை முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் வசந்த காலத்தில், கரையோரம் நங்கூரமிட்ட வலைச் சுவர்களால் அதை வளைத்துப் பிடிப்பது அல்மத்ராபா. பண்டைக் காலத்திலிருந்தே இந்தக் கரையில் சூரை பிடிக்கிறார்கள். இன்றும் கோனில், பார்பாத்தே, சாரா தெ லோஸ் அத்தூனெஸ், தரீஃபா நான்கிலும் வலை போடுகிறார்கள். ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரை போனால் இந்த ஊர் உணவகங்களில் அந்த மீனைத் தவிர வேறு பேச்சே இருக்காது. (கவனம்: இந்தச் சாரா கடற்கரை ஊர், மலையில் சொன்ன சாரா வேறு. செயலியில் தவறானதைத் தட்டினால் அரை நாள் போச்சு.)

வேஹெர் தெ லா ஃப்ரொந்தேரா கடலிலிருந்து உள்ளே, குன்றின் மேல். குன்றின் அடியில் லா பார்க்கா என்ற இடத்தில் சாலையோரப் பாறையில் வழுக்கைத் தலையும் வளைந்த அலகுமாகச் சில கருப்புப் பறவைகளைப் பார்க்கலாம். வழுக்கைத்தலை அரிவாள்மூக்கன். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன இனத்தை இங்கே வளர்த்து விட்டிருக்கிறார்கள். லாரிகள் உறுமிக்கொண்டு போகும் இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தன என்று அவற்றைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து பொலோனியா. என்-340 இலிருந்து பிரியும் சின்னச் சாலை மேட்டில் ஏறி இறங்கியதும் கடல், அதன் ஓரத்தில் பாயெலோ கிளௌதியா என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகள். கருவாட்டுக்கும் காரும் என்ற மீன் சாற்றுக்கும் பெயர் போன ஊர். மீனை உப்பில் ஊறவைத்த வட்டத் தொட்டிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. சந்தை, அரங்கம், கோயில்கள் எல்லாம் தள்ளித்தள்ளி, மீன் தொட்டிகள் மட்டும் கடலை ஒட்டி: நாற்றத்தையும் வேலையையும் யோசித்து வைத்த அமைப்பு. கரையின் மறுமுனையில் முப்பது மீட்டர் உயர மணல்மேடு. அதைக் குவித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை, லெவாந்தேதான்.

தரீஃபாவில் என்ன இருக்கிறது?

ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்முனை. எதிரே 14 கி.மீ. தூரத்தில் ஆப்பிரிக்கா. ஊரைத் தாண்டி அல்ஹெசிராஸ் போகும் வழியில் நீரிணைப் பார்வை மேடை என்று ஒன்று வரும். தெளிவான நாளில் மொராக்கோவின் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். வடக்கே நீண்ட கரையில் பட்டம் கட்டிய அலைச்சறுக்குக்காரர்கள், குன்றுகளில் காற்றாலைகள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போனால் கண்ணை வானத்தில் வையுங்கள். நாரைகளும் பருந்துகளும் லட்சக்கணக்கில் தெற்கே போகும் வழி இது. சிறகடிக்காமல் வெப்பக் காற்றில் மிதந்து போகும் பெரிய பறவைகளுக்கு அகன்ற கடலைத் தாண்டத் தெம்பில்லை. அதனால் குறுகிய இடம் தேடி இங்கே வந்து குவிகின்றன. லெவாந்தே வீசினால் அவையும் நம்மைப் போலத்தான், கரையில் காத்திருக்கும்.

தரீஃபாவிலிருந்து மொராக்கோ போய் வரலாமா?

டாஞ்சியருக்குப் படகு ஒரு மணி நேரம். ஆனால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: மொராக்கோவுக்குத் தனி அனுமதி, திரும்பி வர பலமுறை நுழையக்கூடிய ஷெங்கன் விசா. ஒருமுறை மட்டும் என்று அச்சடித்த விசாவோடு படகேறினால் திரும்பி வர முடியாது. வாடகைக் காரையும் கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஷெர்ரி முக்கோணம் குடிக்காதவர்களுக்கும் ஏற்றதா?

ஏற்றதுதான். ஷெர்ரி இந்தப் பகுதியின் திராட்சை மது. ஹெரேஸ், சான்லூக்கர், எல் புவெர்த்தோ மூன்று ஊரும் சேர்ந்தது அதன் முக்கோணம். ஷெரிஷ் என்ற அரபுப் பெயர்தான் ஹெரேஸும் ஷெர்ரியும் ஆனது. இங்குள்ள மதுக்கிடங்குகளைப் பார்க்கவே போகலாம்: கோயில் போன்ற உயரம், மங்கிய வெளிச்சம், மண் தரை. ஈரமான மேல்காற்று உள்ளே வரும்படி சன்னல்களை வைத்திருக்கிறார்கள். பீப்பாய்க்குள் மதுவின் மேல் ஆடை போலப் படரும் ஈஸ்ட் உயிரோடிருக்க அந்த ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும். ஓட்டுநர் மட்டும் குடிக்காமல் இருக்கட்டும்.

சான்லூக்கரில் குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கிறது, எதிர்க்கரை தொன்யானா காடு. 1519இல் மகெல்லன் கிளம்பியது இந்தத் துறையிலிருந்துதான், 1522இல் எல்கானோ உலகைச் சுற்றி முடித்து ஒற்றைக் கப்பலோடு திரும்பியதும் இங்கேதான். மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து குட்டி இறால் அடை சாப்பிடுங்கள்: பொடி இறாலைக் கடலை மாவு கலந்த மாவில் கரைத்து மொறுமொறுவென்று பொரித்தது.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

சிரமம்தான், ஆனால் பட்டினி இல்லை. தக்காளி தடவிய ரொட்டி, உருளைக்கிழங்கு முட்டைத் தோசை, தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், குளிர்ந்த தக்காளிச் சூப். முட்டை சேர்க்காதவர்களுக்குப் பட்டியல் இன்னும் சுருங்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, ஹாமும் சூரையும் பலருக்கு அந்தக் கணக்கில் வராது. "சின் ஹமோன், சின் அத்தூன்" என்று பெயர் சொல்லி விலக்குங்கள். நேரமும் முக்கியம்: மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவு ஒன்பதுக்கு மேல். நடுவே மலையூர்களில் அடுப்பு அணைந்துவிடும். டிக்கியில் ரொட்டியும் பழமும் எப்போதும் இருக்கட்டும்.

கூட்டமே இல்லாத ஒரு வழி?

ஹெரேஸிலிருந்து ஏ-381 பிடித்து மெதினா சிதோனியா, அப்புறம் அல்கோர்னொகாலெஸ் காடு வழியாகக் காஸ்தெயார். இருபுறமும் மேய்ச்சல் நிலத்தில் சண்டைக்காளைகள், அதனால் காளை வழி என்றே பெயர். காடு முழுக்கக் கார்க் ஓக், பாட்டில் தக்கைக்குப் பட்டை தரும் மரம். கோடையில் போனால் பட்டை உரித்த மரங்கள் முட்டிவரை காற்சட்டை சுருட்டியவர்கள் போலச் சிவந்த அடிமரத்தோடு நிற்கும். ஒருமுறை உரித்தால் பட்டை வளர ஒன்பது ஆண்டாவது விட வேண்டும். பழைய காஸ்தெயார் முழுக்கவே ஒரு கோட்டைக்குள் அடங்கிய ஊர். நான் போன செவ்வாய்க்கிழமை அங்கே நானும் இரண்டு பூனைகளும்தான்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே முதலிடம். மலை பச்சையாக இருக்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும். செப்டம்பர் கடலுக்கு நல்லது. ஆகஸ்டில் ஸ்பெயின்காரர்கள் எல்லோரும் கடற்கரையில், அறை விலை ஏறும், மலையில் வெயில் கொளுத்தும். பிப்ரவரியில் காதிஸ் நகரத் திருவிழா, அதற்கு மட்டும் போவதென்றால் மாதங்களுக்கு முன்பே அறை பிடியுங்கள். நகரத்தின் பழைய பகுதி கடலுக்குள் நீட்டிய சின்ன நாக்கு, நிறுத்துமிடம் கிடைக்காது. காரை எல் புவெர்த்தோவில் விட்டுவிட்டுப் படகில் போனால், கப்பல்காரர்கள் பார்த்தது போலவே நகரம் கடலிலிருந்து எழும்பி வருவதைப் பார்க்கலாம். கடைசிப் படகு நேரத்தை மட்டும் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.